பிரசாரக் கூட்டத்துக்கு மாணவர்களைப் பள்ளி அழைத்துச் செல்லலாமா?

பள்ளி நடக்கும் நேரத்தில் அரசியல் கட்சிகளின் பிரசாரக் கூட்டங்களுக்கும் வாகனப் பேரணிகளுக்கும் மாணவர்கள் செல்வது சரியா, அதற்குச் சட்டத்தில் தடை உண்டா, அரசியலை நேரில் பார்ப்பதும் ஒருவகைக் கல்விதானே என்பவை இங்கே கேட்கப்பட்ட கேள்விகள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி அழைத்துச் செல்லக் கூடாது. பாட நேரத்தில் கூடாது என்பதோடு, கடைசி மணி அடித்த பிறகு சீருடையில் வரிசையாக அழைத்துப் போவதும் கூடாது. பெற்றோர் தம் பொறுப்பில் பிள்ளையைக் கூட்டத்துக்குக் கூட்டிச் செல்வது வேறு விஷயம். சட்டம் அதைத் தடுக்கவில்லை, தடுக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆகவே இந்தப் பிரச்சினையில் கடிகாரத்தைவிட, குழந்தை யாருடைய அதிகாரத்தின் கீழ் அங்கே நிற்கிறது என்பதே முக்கியம் என்று கருதுகிறேன்.

இதைப் புரிந்துகொள்ளக் கோயம்புத்தூர் நிகழ்வு நல்ல எடுத்துக்காட்டு. 2024 மார்ச் 18, திங்கட்கிழமை மாலை, பிரதமர் நரேந்திர மோடி மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து ஆர்.எஸ்.புரம் வரை திறந்த வாகனத்தில் பேரணியாகச் சென்றார். அதற்கு இரண்டு நாள் முன்புதான், மார்ச் 16 அன்று, மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்திருந்தன. சாலையோரக் கூட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் மாணவர்கள் சீருடையில் நின்ற படங்கள் வெளியாயின. மாவட்ட நிர்வாகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. குழந்தைகள் பாதுகாப்புத் துறையின் புகாரின் பேரில், 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவின் கீழ் பள்ளித் தரப்பின் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. அந்த வழக்கை எதிர்த்துப் பள்ளித் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது.

75-ஆவது பிரிவு, தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்குவது, கைவிடுவது, வேண்டுமென்றே புறக்கணிப்பது போன்ற செயல்களால் அதற்குத் தேவையற்ற உடல் துன்பமோ மனத் துன்பமோ விளைவிப்பவரைத் தண்டிப்பதற்கானது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க அது இடம் தருகிறது. சாலையோரத்தில் நின்று ஒரு பேரணியைப் பார்க்க வைத்ததை இதற்குள் அடக்குவது கடினம் என்பதே என் கருத்து. செய்த காரியம் தவறு. ஆனால் அந்தத் தவறுக்கு ஏற்ற சட்டப்பிரிவு கையில் இல்லாததால், கொடுமைக்கென்று வகுத்த பிரிவை எடுத்து நீட்ட வேண்டியதாயிற்று. பிழையின் அளவுக்கு மீறிய பிரிவைப் பயன்படுத்தினால் வழக்குப் பலவீனப்படுவதோடு, உண்மையான கேள்வியும் பின்னுக்குப் போய்விடுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பேரணி மாலையில் நடந்ததால், பாட நேரம் பறிபோகவில்லை என்று வாதிட இடமிருந்தது. அப்படியே இருந்தாலும், சீருடை அணிந்த பிள்ளைகள் ஒரு கட்சியின் பிரசாரப் படத்தில் இடம்பெற்றுவிட்டார்கள் என்ற உண்மை மாறிவிடவில்லை. இதனால்தான் ‘பள்ளி நேரத்தில்’ என்ற அடைமொழியோடு மட்டும் இந்தக் கேள்வியை அணுகுவது போதாது என்கிறேன்.

சரி, சட்டம் என்னதான் சொல்கிறது? தேர்தல் குற்றங்களைப் பட்டியலிடும் 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில், பள்ளி மாணவர்களைப் பிரசாரக் கூட்டத்துக்கு அழைத்துவருவது குற்றம் என்று சொல்லும் பிரிவு இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயது நிறையாத எவரையும் எந்த வேலையிலும் அமர்த்துவது தடை செய்யப்பட்டிருக்கிறது. மீறுபவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். துண்டறிக்கை கொடுக்கவும் கொடி கட்டவும் சிறுவர்களைப் பயன்படுத்தினால் இந்தச் சட்டம் பாயும். கூட்டத்தில் உட்கார வைப்பது வேலையில் அமர்த்துவதாகுமா என்று கேட்டால், அங்கே சட்டம் தடுமாறுகிறது.

பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு பொதுநல வழக்கில், 2014 ஆகஸ்ட் 4 அன்று, தேர்தல் தொடர்பான எந்த நடவடிக்கையிலும் குழந்தைகள் ஈடுபடுத்தப்படாமல் கட்சிகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த ஆணையை நினைவூட்டி, இந்தியத் தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரி 5 அன்று எல்லாக் கட்சிகளுக்கும் கடுமையான அறிவுறுத்தல் ஒன்றை அனுப்பியது. பேரணிகளிலும், முழக்கமிடுவதிலும், சுவரொட்டி, துண்டறிக்கை வழங்குவதிலும் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது. தலைவர்கள் குழந்தையைக் கையில் தூக்கிக்கொண்டோ வாகனத்தில் ஏற்றிக்கொண்டோ பிரசாரம் செய்யக் கூடாது. பாட்டு, கவிதை, பேச்சு, கட்சிச் சின்னங்களைக் காட்டுதல் ஆகியவற்றின் வழியாகவும் அவர்களை உட்படுத்தக் கூடாது என்று அது விரிவாகவே சொன்னது. கூடவே ஒரு விலக்கையும் தந்தது: பெற்றோருடனோ பாதுகாவலருடனோ வந்த குழந்தை, பிரசார வேலை எதிலும் ஈடுபடாமல், ஒரு தலைவரின் அருகே இருப்பது மட்டுமே விதிமீறல் ஆகாது.

எனக்கு இந்த விலக்கு நியாயமாகவே தெரிகிறது. தாயின் இடுப்பில் இருந்தபடி தலைவரைப் பார்க்கும் குழந்தையைக் குற்றத்தின் தடயமாக்குவது அபத்தம். ஆனால் அந்த விலக்கு பெற்றோரைத்தான் பேசுகிறது, பள்ளியைப் பேசவில்லை. பாட நேரத்தில் ஆசிரியர் பாதுகாவலரைப் போன்றவர் என்று ஒரு வாதம் கிளப்பலாம், அது எடுபடாது. பெற்றோர் பிள்ளையைப் பள்ளியிடம் ஒப்படைப்பது படிக்க வைப்பதற்காக. அந்த ஒப்படைப்பின் எல்லைக்குள் ஒரு கட்சியின் கூட்டம் வராது. சுற்றுலா போவதற்கே பெற்றோரின் ஒப்புதல் கடிதம் வாங்கும் பள்ளிகள், இதற்கு ஒப்புதல் கேட்டாலும் நிலைமை சீராகிவிடாது; ஏனென்றால் வேறு கட்சியை ஆதரிக்கும் பெற்றோர், கையெழுத்திட மறுப்பதன் மூலம் தம் அரசியலைப் பள்ளிக்குத் தெரிவித்தவர் ஆகிவிடுகிறார். சிற்றூர்களில் இது சின்ன விஷயம் இல்லை.

பாட நேரத்தின் மதிப்பைப் பற்றி நம் சட்டம் வைத்திருக்கும் அளவுகோலைப் பார்க்கலாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்களும் 800 கற்பித்தல் மணி நேரமும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாட்களும் 1,000 மணி நேரமும் இருக்க வேண்டும். அதாவது ஒரு நாளின் கற்பித்தல் நேரம் நான்கு முதல் நான்கரை மணி வரைதான் வருகிறது. பிற்பகல் கூட்டம் ஒன்றுக்கு மாணவர்களை மதியமே ஏற்றிச் சென்றால் அதில் பாதி போய்விடும். தேர்தல் வரும் காலமும் பெரும்பாலும் தேர்வுக் காலம். கோயம்புத்தூர் பேரணி நடந்த 2024 மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்புக்கு மார்ச் 26 அன்று தேர்வு தொடங்கவிருந்தது.

இதைவிட வலுவான சான்று உச்ச நீதிமன்றத்தின் 2007-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. தேர்தல் ஆணையத்துக்கும் புனித மேரி பள்ளிக்கும் இடையிலான அந்த வழக்கில், வாக்காளர் பட்டியல் திருத்தம் போன்ற பணிகளுக்கு ஆசிரியர்களை விடுமுறை நாட்களிலும் கற்பித்தல் இல்லாத நேரங்களிலும்தான் பயன்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் வரையறுத்தது. தேர்தல் நடத்துவது அரசியலமைப்பே ஆணையத்துக்குத் தந்த கடமை. அந்தக் கடமைக்காகக்கூடப் பாட நேரத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கும்போது, ஒரு கட்சி தன் மைதானத்தை நிரப்பிக்கொள்ள அதே நேரத்தைக் கேட்பதற்கு என்ன தகுதி இருக்கிறது? கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பத் தடை விதிக்கிறது. மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி, எண்ணி, மைதானத்தில் உட்கார வைத்து, திரும்பக் கொண்டுவருவது இந்த மூன்றில் எதற்குள்ளும் அடங்காது.

இனி வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். மாநில விளையாட்டுப் போட்டிக்கோ அறிவியல் கண்காட்சிக்கோ செல்லும் மாணவருக்குப் பள்ளிகள் ‘ஆன் டியூட்டி’ போடுவது வழக்கம். கூட்டத்துக்குச் சென்ற மாணவருக்கு, வருகையைப் பதியும் எமிஸ் செயலியில் என்ன போடுவார்கள்? ‘வந்தார்’ என்று போட்டால் அது பொய்ப் பதிவு. ‘ஆன் டியூட்டி’ என்று போட்டால், கட்சிக் கூட்டம் பள்ளிப் பணி என்று தலைமையாசிரியரே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிறது. ‘வரவில்லை’ என்று போட்டால் பள்ளியே அனுப்பிவிட்டு மாணவரின் வருகையைக் குறைத்ததாகிறது. நேர்மையாகப் பதிவேட்டில் எழுத முடியாத ஒரு செயலைப் பள்ளி செய்யக் கூடாது என்பது பழைய தலைமையாசிரியர்களிடம் இருந்த வழக்கமான எச்சரிக்கை. சத்துணவுக் கணக்குக்கும் இதே சிக்கல் உண்டு.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது, மாணவர் மறுக்க முடியாது என்பது. செய்முறைத் தேர்வு மதிப்பெண், நடத்தைச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் பள்ளியின் கையில் இருக்கின்றன. ஆசிரியர் ‘விருப்பமுள்ளவர்கள் வரலாம்’ என்று சொன்னாலும் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் காதில் அது கட்டளையாகத்தான் விழும். கட்டாயம் என்ற சொல்லே இல்லாமல் கட்டாயம் நடந்துவிடும். 1985-இல் கேரளத்தில் தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றும், தம் மத நம்பிக்கையின் காரணமாகப் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் அதில், 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. பேச்சுரிமையில் மௌனமாக இருக்கும் உரிமையும் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பு நிறுவியது. நாட்டின் கீதத்துக்கே குழந்தையின் மனச்சாட்சியை வளைக்கக் கூடாது என்றால், ஒரு கட்சியின் கொடிக்கு வளைப்பது எப்படிப் பொருந்தும்? பிரசாரக் கூட்டத்தில் இருப்பதே ஒரு கருத்து. கூட்டத்தின் எண்ணிக்கையைத்தான் மறுநாள் கட்சிகள் தம் பலமாகச் சொல்லிக்கொள்கின்றன.

ஜிம்பாப்வேயில் இந்தக் கட்டாயம் மறைவின்றி நடந்தது. ஆளுங்கட்சியான ஜானு-பி.எஃப். கூட்டங்களுக்குப் பள்ளிகளை மூடி மாணவர்களைப் பள்ளிப் பேருந்துகளிலேயே ஏற்றிச் செல்வதை எதிர்த்து, கிராமப்புற ஆசிரியர் சங்கம் ஒன்று மஸ்விங்கோ உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2018 ஜூலைத் தேர்தலுக்குச் சற்று முன்பு, மாணவர்களையும் ஆசிரியர்களையும் கூட்டத்துக்குக் கட்டாயப்படுத்துவதையும் பள்ளிச் சொத்துகளைக் கட்சிக்குப் பயன்படுத்துவதையும் அந்த நீதிமன்றம் தடுத்து ஆணையிட்டது. வழக்குத் தொடுத்தவர்கள் ஆசிரியர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. நம் ஊரில் இப்படியொரு நிகழ்வு வெளியே வந்தால் தலைமையாசிரியர்தான் பழியை ஏற்கிறார். அவருக்குத் தொலைபேசியில் வாய்மொழி உத்தரவு தந்தவர் பெயர் கோப்பில் வருவதே இல்லை.

இங்கிலாந்தில் வயதை வைத்துச் சட்டமே எழுதியிருக்கிறார்கள். அங்கே 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின் 406-ஆவது பிரிவு, 12 வயதுக்கு உட்பட்ட மாணவர்கள் கட்சிசார்ந்த அரசியல் நடவடிக்கைகளில் ஈடுபடுவதைப் பள்ளி அனுமதிக்கக் கூடாது என்கிறது; அடுத்த பிரிவு, பள்ளியில் அரசியல் விஷயம் பேசப்படும்போது எதிரெதிர்க் கருத்துகள் நடுநிலையோடு முன்வைக்கப்பட வேண்டும் என்கிறது. இந்த இரண்டாவது பிரிவு நமக்கும் தேவை என்பேன். அரசியலே வேண்டாம் என்று வகுப்பறையைத் துடைத்து வைப்பதும் நல்லதல்ல.

இந்த இடத்தில், அரசியலை நேரில் பார்ப்பதும் கல்விதானே என்ற வாதத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இந்த வாதத்துக்குத் தனி வலு உண்டு, ஏனென்றால் 1965-ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை நடத்தியவர்கள் மாணவர்கள். இரண்டே ஆண்டில் மாநில ஆட்சி மாறியதற்கு அந்தப் போராட்டம் ஒரு முக்கியக் காரணம். பள்ளி மாணவர்களும் அப்போது தெருவில் இறங்கினார்கள். ஆனால் அவர்களை எந்தத் தலைமையாசிரியரும் வரிசையில் நிறுத்தி அனுப்பவில்லை. நிர்வாகம் தடுத்தும் போனார்கள், அதற்கான விலையையும் கொடுத்தார்கள். 2018 ஆகஸ்டில் காலநிலை மாற்றத்தைத் தடுக்கக் கோரி, ஸ்வீடன் நாடாளுமன்றத்துக்கு வெளியே பள்ளிக்குப் போகாமல் உட்கார்ந்த மாணவி கிரெட்டா துன்பர்க்கும் அப்படித்தான். தானாக வெளியேறும் மாணவர் செய்வது அரசியல். பள்ளி ஏற்றி அனுப்பும் மாணவர் அரசியலுக்குப் பயன்படுத்தப்படுகிறார். முன்னதைக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்துவது அந்தப் போராட்டத்தில் இறங்கியவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

மேலும், கற்றுக்கொள்ள ஏற்ற இடமாகவும் பிரசாரக் கூட்டம் இல்லை. அங்கே ஒரே தரப்புதான் பேசும். கேள்வி கேட்க வழியில்லை. சொன்ன புள்ளிவிவரம் சரியா என்று பார்க்க நேரமில்லை. அதே இரண்டு மணி நேரத்தில் இரண்டு கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்து, கல்வி பற்றி ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதச் சொன்னால் அவர்கள் கற்பது அதிகம். தேர்தல் ஆணையமே 2018 முதல் பள்ளிகளில் தேர்தல் கல்விக் குழுக்களை ஊக்குவித்து வருகிறது; அவை பல இடங்களில் ஜனவரி 25 வாக்காளர் நாள் உறுதிமொழியோடு முடிந்துவிடுகின்றன என்பது வருத்தத்துக்குரியது.

பாதுகாப்பைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுசாமிபுரத்தில் தமிழக வெற்றிக் கழகத்தின் பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். அது சனிக்கிழமை, குடும்பங்கள் தாமாகச் சென்ற கூட்டம். ஆகவே பள்ளியின் பொறுப்பு அங்கே எழவில்லை. ஆனால் நண்பகல் முதல் மக்கள் காத்திருக்க, தலைவரின் வாகனம் இரவில்தான் வந்து சேர்ந்தது என்பதை ஒரு தலைமையாசிரியர் நினைவில் வைத்திருக்க வேண்டும். நான்கு ஆசிரியர்கள் இருநூறு பிள்ளைகளை அப்படிப்பட்ட இடத்தில் காப்பாற்ற முடியாது. தண்ணீருக்கும், குறிப்பாக மாணவிகளின் கழிப்பறைத் தேவைக்கும் அங்கே ஏற்பாடு இருக்காது.

அரசு விழாக்கள் வேறு என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான். முதலமைச்சரோ பிரதமரோ பதவியின் முறையில் கலந்துகொள்ளும் விழா கட்சிக் கூட்டம் ஆகாது. ஆனால் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்த நாள் முதல் அதே தலைவர் தன் கட்சிக்காக வாக்குக் கேட்பவர். கோயம்புத்தூர் நிகழ்வில் ‘நாட்டின் பிரதமரைப் பார்க்கத்தானே போனார்கள்’ என்ற சமாதானம் பொருந்தாததற்குக் காரணம் இதுதான். விதிகள் இல்லாத காலத்திலும் நம் வழக்கம் அவ்வளவு அழகாக இல்லை. பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்குவதற்கு, சட்டமன்ற உறுப்பினர் வரும்வரை அந்த மாணவர்களை வெயிலில் காக்க வைப்பதைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. இந்தப் பழக்கம்தான் தேர்தல் வரும்போது ‘பத்து நிமிடம் நிறுத்தினால் என்ன’ என்ற துணிச்சலைத் தருகிறது.

மறுபக்கம், தடையை எல்லை மீறி நீட்டுவதையும் நான் ஏற்கவில்லை. 1989-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்டது. அதன் 12-ஆவது பிரிவு குழந்தை தன் கருத்தைச் சொல்லும் உரிமையையும், 15-ஆவது பிரிவு அமைதியாகக் கூடும் உரிமையையும் தருகின்றன. பதினேழு வயது மாணவி ஞாயிற்றுக்கிழமை தன் தந்தையோடு ஒரு கட்சியின் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தால், திங்கட்கிழமை அவளை அலுவலக அறைக்கு அழைத்து விசாரிக்கும் உரிமை பள்ளிக்கு இல்லை. பிளஸ் டூ வகுப்பில் பதினெட்டு வயது நிறைந்து வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ந்த மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சீருடை இல்லாமல், தம் நேரத்தில், மற்ற வாக்காளர்களைப் போலப் போகட்டும். பெற்றோர் பாட நேரத்தில் விடுப்புக் கடிதம் கொடுத்துப் பிள்ளையைக் கூட்டத்துக்கு அழைத்துச் சென்றால், அது எனக்கு உவப்பான செயல் இல்லை. ஆனாலும் பள்ளி அதைச் சாதாரண விடுப்பாகவே பதிய வேண்டும்.

நடைமுறையில் செய்யக்கூடியவை இவை. அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோர். தேர்தல் ஆண்டின் தொடக்கத்திலேயே, எந்தக் கட்சி நிகழ்ச்சிக்கும் மாணவர்களோ பள்ளி வாகனமோ மைதானமோ தரப்படாது என்று குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றி வைத்தால், பிறகு வரும் தொலைபேசி அழைப்புக்குத் தலைமையாசிரியர் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிராது. நடத்தை விதிகள் உள்ள காலத்தில் பெற்றோர் தாம் கண்டதைப் படத்தோடு தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் புகாராகப் பதியலாம். நூறு நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுப்பது அதன் நடைமுறை. மற்றக் காலத்தில் முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதலாம், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-லும் சொல்லலாம். ஆசிரியருக்கு வாய்மொழி உத்தரவு வந்தால், அதை எழுத்தில் தருமாறு மரியாதையாகக் கேட்க வேண்டும். அனுப்புநர் பெயரும் நாளும் கையெழுத்தும் கேட்ட பிறகு அப்படிப்பட்ட உத்தரவு பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. வந்தால், அடுத்த விசாரணையில் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும்.